பெண்ணை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?

சித்திரை பிறந்து கோடை முதிருங்காலத்தில் நம் நாட்டுத் தகப்பன்மார்களைப் பற்றிக்கொள்ளும் கவலைகளுள் பெண்ணின் படிப்பும் ஒன்றாகிவிட்டது. பெண்ணைப் படிக்க வைப்பதா வேண்டாவா என்பதன்று இன்றைய கவலை. அவ்வழக்கு நம் பாட்டனார் காலத்தில் தொடங்கி, நாமறியத் தீர்ந்து போயிற்று. இப்பொழுது எழும் வினா வேறு. ஊரில் பெண்களுக்கென்றே நடைபெறும் தனியார் பாடசாலைகள் நான்கு இருக்கின்றன. ஒன்று கன்னியாஸ்திரீகள் நடத்துவது; ஒன்று தரும பரிபாலன சபையாருடையது; ஒன்று புதிதாகக் கிளம்பிய மெட்ரிகுலேஷன் பள்ளி; ஒன்று ஊருக்கு வெளியே, வெண்ணிறக் கட்டடமும் மஞ்சள் வண்டிகளுமாக விளங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி. இவற்றுள் எதிற் சேர்ப்பது?

அன்பர் பலர் இதனை நம்மிடம் வினவுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் பொதுக் காரியங்களில் உழைப்பவர்கள்; மகாநாடு கூட்டவும், தீர்மானம் எழுதவும், சர்க்காரைக் கேள்வி கேட்கவும் வல்லவர்கள். அத்தகையோரும் இவ்வொரு விஷயத்தில் எதிர்வீட்டுக்காரர் வாக்கையே வேதவாக்காகக் கொண்டு பணங்கட்டி விடுகின்றனர் என்பது நமக்கு வியப்பை அளிக்கிறது. ஒரு பள்ளியின் பெயரைக் குறித்து ‘இங்கே சேருங்கள்’ என்று கூறுதல் பத்திரிகையின் வேலையன்று. ஆனால் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பள்ளிகளின் வாயிலிற் போய் நிற்குமுன் எவற்றை விசாரிக்க வேண்டும் என்று கூறுதல் நம் கடமையே.

பெண்களுக்கெனத் தனியார் பள்ளி அமைப்பது நேற்று வந்த வழக்கமன்று. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளியொன்றை ஏற்படுத்தினர். 1842-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து கன்னியாஸ்திரீகள் சென்னைக்கு வந்து பள்ளி நடத்தத் தொடங்கினர். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் அம்மையார் பெயரால் எழுந்த ஸ்தாபனம் 1895-ஆம் ஆண்டிற் கல்லூரியாக உயர்ந்தது. அந்த அம்மையாரோ நம் நாட்டு மண்ணை மிதித்தவரே அல்லர். இவர்கள் மத மாற்றத்தை ஒரு நோக்கமாகக் கொண்டிருந்தனர் என்பது உண்மை. நம்மவர் வாளாவிருந்தனர் என்பதும் உண்மை. நம்மவருக்கு ரோஷம் பிறந்து ‘நாமும் பெண்பள்ளி நடத்துவோம்’ என்று முன்வந்ததற்குத் தேசீயக் கிளர்ச்சியும் ஒரு காரணம். பாரதியார் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராக இருந்த காலத்திலேயே, 1905-ஆம் ஆண்டில், பெண்களுக்கென வெளிவந்த ‘சக்கரவர்த்தினி’ மாதப் பத்திரிகையையும் நடத்தினார் என்பதை அரசியல் அன்பர்கள் நினைவு கூர்வார்களாக. சுயராஜ்யப் பேச்சும் பெண் கல்விப் பேச்சும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தவை.

அக்காலத்துத் தகப்பனார் ஒருவரின் செயலை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். 1886-ஆம் ஆண்டிற் பிறந்த சுப்பலட்சுமி அம்மையார் தமது பதினோராம் வயதிலேயே விதவையானார். கணவன் முகத்தை அறியுமுன்னரே வந்த கைம்மை அது. தலையை மழித்து மூலையில் இருத்துக என்றது ஊர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அவ்வாறு செய்யவில்லை. முதலில் வீட்டிலேயே தாமே கற்பித்தார். பின்னர்க் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கு அனுப்பினார். ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பெண், அதிலும் விதவை, கிறிஸ்தவ மடத்துப் பள்ளிக்குச் சென்று படிப்பதென்றால், அக்குடும்பம் கேட்டிருக்கக்கூடிய சொற்களை நாம் எழுத வேண்டுவதில்லை. 1911-ஆம் ஆண்டில் அந்த அம்மையார் பி.ஏ. பட்டம் பெற்றார், சென்னை ராஜதானியில் அப்பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே. அடுத்த ஆண்டிலேயே இளம் விதவைகள் சிலரை வைத்துக்கொண்டு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் குடிபுகுந்தது. 1927-ஆம் ஆண்டில் சாரதா வித்தியாலயமும் எழுந்தது.

அந்தத் தகப்பனார் பள்ளியைத் தெரிந்தெடுத்த முறை யாது? கட்டடத்தைப் பார்த்தாரா? பரீட்சையில் எத்தனை பேர் தேறினர் என்று கேட்டாரா? எந்தப் பள்ளி என் பெண்ணை உள்ளே விடும், அவளை எதுவரை கொண்டு செல்லும் என்னும் இரண்டையே அவர் நோக்கியிருத்தல் வேண்டும். அக்காலத்துப் பள்ளிகளை நிறுவியோரும், வெளியே நிற்கும் பெண் யார் என்று தேடிச் சென்றனர். இன்றைய தனியார் பள்ளிகள் பலவற்றில், வெளியே நிறுத்த வேண்டிய பெண் யார் என்பதைக் கண்டுபிடிக்கவே விண்ணப்பப் படிவம் அச்சிடப்படுகிறது! தகப்பன் என்ன படித்தான், தாய் இங்கிலீஷ் பேசுவாளா, வீடு சொந்தமா வாடகையா என்றெல்லாம் கேட்கின்றனர். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தொடக்கக் கல்வியிற் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதை விலக்கியிருக்கிறது. முதன்முறை மீறினால் 25,000 ரூபாய், பின்னர் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்றும் விதித்திருக்கிறது. நன்கொடை வாங்கினாலோ, வாங்கியதற்குப் பத்து மடங்கு வரை அபராதம். சட்டம் இவ்வாறிருக்க, சோதனைக்குத் தாமே தயாராகிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு செல்கின்றனர் நம் தேசபக்தர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ‘தனியார் பள்ளி’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவை ஒரே இனமல்ல. சர்க்கார் உதவி பெறும் பள்ளி என்பது ஒன்று. இதன் நிர்வாகம் தனியாருடையது; அங்கீகரிக்கப்பட்ட உபாத்தியாயர்களின் ஊதியம் சர்க்காருடையது. தமிழ் வழியிற் பயிலும் மாணவிக்குப் போதனைக் கட்டணம் இல்லை. பாடப் புத்தகம், மத்தியான உணவு, மேல் வகுப்பிற் சைக்கிள் முதலியனவும் கிடைக்கும். பழைய பெண்பள்ளிகளிற் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெரும்பாலும் சுயநிதியால் நடப்பவை. அங்கே எல்லாச் செலவும் பெற்றோர் பையிலிருந்து வருகிறது. பாடமோ, 2011-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சமச்சீர்க் கல்வியை நிலைநிறுத்தியதிலிருந்து பத்தாம் வகுப்பு வரையில் சர்க்கார் பள்ளியின் பாடமேயாம். இதனை அறியாத தகப்பன்மார் இன்றும் பலர். மெட்ரிகுலேஷன் என்றால் பாடம் உயர்ந்தது என்று எண்ணிப் பணம் செலுத்துகின்றனர். சி.பி.எஸ்.இ. பள்ளியின் பாடமும் பரீட்சையும் வேறு. அங்கே கட்டணம் பெரும்பாலும் இன்னும் உயர்ந்தது.

நகரங்களிலுள்ள பழைய பெண்பள்ளிகள் பலவற்றில் ஒரு விநோதத்தைக் காணலாம். ஒரே மதிலுக்குள், ஒரே பெயர்ப் பலகையின் கீழ், இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. கீழ்ப்புறத்து வகுப்புகள் தமிழ் வழி, சர்க்கார் உதவியில் நடப்பவை, கட்டணம் இல்லை. மேற்புறத்து வகுப்புகள் இங்கிலீஷ் வழி, சுயநிதியில் நடப்பவை, கட்டணம் உண்டு. தகப்பன்மார் மேற்புறத்தில் இடம் கேட்டு வரிசையில் நிற்கின்றனர். கீழ்ப்புறத்துப் பெஞ்சுகளோ ஆண்டுதோறும் காலியாகின்றன. ஆனால் கீழ்ப்புறத்தில் போதிக்கும் அம்மையார் சர்க்கார் விகிதப்படி ஊதியம் பெறுகிறவர். உரிய பயிற்சி பெற்று, பல்லாண்டு அதே வகுப்பிற் பழகியவர். மேற்புறத்து அம்மையாருக்கு நிர்வாகம் கொடுப்பது பெரும்பாலும் அதில் ஒரு சிறு பகுதியே. மேலான இடம் கிடைத்தால் பாதி ஆண்டில் விலகியும் விடுவார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்வார்? ஆயினும் அதிகப் பணங் கொடுத்துக் குறைந்த அனுபவமுள்ள போதனையை வாங்குவது என்ன வியாபாரம் என்று நாம் கேட்கிறோம். ஆகவே எப்பள்ளிக்குச் சென்றாலும் முதலில் விசாரிக்க வேண்டியது உபாத்தியாயினிகளைப் பற்றி. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புக்குக் கணிதம் போதித்தவர் இவ்வாண்டும் இருக்கிறாரா? அதற்கு முந்திய ஆண்டும் அவர்தாமா? இவ்விரண்டு கேள்விக்கு வரும் விடை, வர்ணப் படங்கள் நிறைந்த விளம்பரப் புத்தகத்தைவிட அதிகம் சொல்லும்.

தமிழ் வழியிற் சேர்த்தாற் பெண் பின்தங்கி விடுவாள் என்று அஞ்சுவோர்க்குச் சில செய்திகள். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தியோகங்களில் நேர் நியமனத்தில் நூற்றுக்கு 20 இடங்கள் தமிழ் வழியிற் பயின்றோர்க்கு முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டன. பட்டப்படிப்பை மட்டும் தமிழிற் பயின்றோர் அதனைப் பெறுவதைத் தடுக்க, 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று இறுக்கியது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதற் பயின்ற பெண் கல்லூரியில் இருக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. 2024-ஆம் ஆண்டில் அது உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரிக்கப்பட்டது. மேற்புறத்துப் பெண்ணுக்கு இது இல்லை. இன்னொன்றையும் மறைக்கலாகாது. மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் சர்க்கார் பள்ளியிற் பயின்றோர்க்கே உரியது. உதவி பெறும் பள்ளியிற் பயின்ற பெண் அதன் பயனைப் பெறாள். டாக்டராக வேண்டும் என்று சொல்லும் பெண்ணின் தகப்பன் தனியார் பள்ளி வாயிலை மிதிக்குமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, மிக முக்கியமெனக் கருதுவதைக் கூறுகிறோம். பெண்ணைச் சேர்ப்பது ஆறாம் வகுப்பிலாயினும் விசாரிக்க வேண்டியது பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றி. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரையுள்ள பெண்களின் தொகைக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 47 என்ற விகிதத்திற் பெண்கள் உயர்கல்வி பயில்கின்றனர். இந்தியா முழுமைக்கும் அது சுமார் 28 தான். ஆகவே நம் பெண் கல்லூரிக்குச் செல்லுதல் அபூர்வமான காரியமன்று. எந்தக் கல்லூரிக்கு, எந்தப் படிப்புக்கு என்பதை நிர்ணயிப்பது பதினோராம் வகுப்பிற் கிடைக்கும் பாடப் பிரிவு. பெண்பள்ளிகளிற் சில பத்தாம் வகுப்போடு நின்று விடுகின்றன. சிலவற்றில் மேல்நிலை வகுப்பு உண்டு. ஆனால் பௌதிகம், ரசாயனம், கணிதம் சேர்ந்த பிரிவு இல்லை. ‘பெண்களுக்கு வணிகப் பிரிவே போதும்’ என்று நிர்வாகிகள் சொல்லுகின்றனர். எது போதும் என்று இவர்களுக்குச் சொன்னவர் யார்? முத்துலட்சுமி அம்மையார் 1904-ஆம் ஆண்டிற் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், ஆண் பிள்ளைகள் மட்டுமே பயின்ற இடத்தில், அரசரின் அனுமதியால் நுழைந்தார். 1912-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் உபதலைவராகவும் அமர்ந்தார். போதும் என்று அன்றே ஒருவர் முடிவு கட்டியிருந்தால் நாடு யாரை இழந்திருக்கும்?

பிரிவு இருந்தால் மட்டும் போதாது. சோதனைச் சாலை இருக்க வேண்டும். அதன் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேசையில் ஆசிட் கறை படிந்திருந்தால் அது நல்ல பள்ளி. கண்ணாடிக் குழாய்கள் புதிதாகப் பளபளத்து அலமாரியில் பூட்டியிருந்தால் அவை வருவோர் போவோர் பார்ப்பதற்காக வாங்கப்பட்டவை. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டு உருப்போட வைக்கும் தந்திரம் தனியார் பள்ளிகள் பலவற்றில் இருந்து வந்தது. அதைத் தடுக்கவே 2017-18ஆம் ஆண்டிற் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை கொண்டுவரப்பட்டது. 2025-ஆம் ஆண்டு வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அப்பரீட்சை விலக்கப்பட்டது. பழைய தந்திரம் திரும்பி வந்திருக்கிறதா என்பதைப் பதினோராம் வகுப்பு மாணவியின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம்.

‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பள்ளி மதிலில் எழுதியிருக்கும் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பெண்கள் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியோர் 96 பேர்; 96 பேரும் தேறினர். பலகை எழுதியாயிற்று, இனிப்பும் வழங்கியாயிற்று. மற்ற 24 பெண்கள் எங்கே? ‘உங்கள் பெண்ணுக்குக் கணக்கு வராது, வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தகப்பனை அழைத்துச் சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையிற் கொடுத்து அனுப்பும் வழக்கம் நாடறிந்தது. ஆண் பிள்ளைக்கு இது நேர்ந்தால் தகப்பன் வேறு பள்ளி தேடுகிறான். பெண்ணுக்கு நேர்ந்தாலோ, ‘படித்தது போதும்’ என்று பாட்டி சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. மாப்பிள்ளை தேடும் படலம் அங்கே தொடங்குகிறது. பெண்ணின் பதினான்காம் வயதிற் பள்ளி செய்யும் இக்கொடுமை, அவள் ஆயுள் முழுவதையும் மாற்றவல்லது. ஆகையால் தேர்ச்சி விகிதத்தைக் கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர் என்னும் இரண்டு எண்களைக் கேளுங்கள். தலைமை உபாத்தியாயினி தயங்காது சொன்னாற் சரி. பேச்சை நீச்சல் குளத்தின் பக்கம் திருப்பினால் எழுந்து வந்து விடுங்கள்.

தகப்பன்மார் பெண்பள்ளியை நாடுவதற்குக் கூறும் முதற் காரணம் காவல். உயர்ந்த மதில், கூர்க்கா, ரெட்டை ஜடை, ஆடவர் முகமே காணாத வளாகம் என்றால் அவர்கள் நிம்மதியடைகின்றனர். இவை காவலின் தோற்றமே யன்றிக் காவலாகா. ஆபத்து மதிலைத் தாண்டித்தான் வரும் என்பதில்லை. வகுப்பறையில் நிற்பவரிடமிருந்தே அது வரக்கூடும் என்பதை, 2021-ஆம் ஆண்டிற் சென்னையில் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் பழைய மாணவிகளும் இன்னாள் மாணவிகளும் வெளியிட்ட புகார்களும், அவற்றைத் தொடர்ந்து நடந்த கைதும் நாட்டுக்கு உணர்த்தின. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் போலீஸாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. ஸ்தாபனத் தலைவர் மறைத்தால் அவருக்கும் தண்டனை உண்டு. பள்ளியின் மானம் போய்விடும் என்று மூடி மறைத்தல் சட்டப்படி குற்றம். ஆகவே, ‘மாணவி ஒருத்தி உபாத்தியாயர் மீது புகார் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும்? நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று நேராகக் கேட்க வேண்டும். ‘இங்கே அப்படியெல்லாம் நடவாது’ என்று விடை வருமாயின், அப்பள்ளியில் அதற்கு ஏற்பாடு ஒன்றுமில்லை என்றே பொருள்.

அடுத்தது கழிப்பிடம். மகாநாட்டுத் தலைமையுரைகளில் இவ்வார்த்தை இடம்பெறுவதில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்ட பெண் மாலை ஐந்து மணி வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது எதனால் என்று எந்தத் தகப்பன் கேட்டான்? கதவில் தாழ்ப்பாள் இல்லை. குழாயிலே தண்ணீர் இல்லை. நூறு பெண்களுக்கு இரண்டே இடம். இடைவேளையோ பத்து நிமிஷம். பெரிய பெண்களின் மாதவிலக்கு நாட்களில் இது சித்திரவதையாகிறது. அந்நாட்களில் வயிற்று வலி என்று வீட்டிலிருந்து விடுகின்றனர், பாடமும் போகிறது. தகப்பனுக்கு இது தெரியாது, தாய்க்குத் தெரியும். எனவே பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது தாயையும் அழைத்துச் செல்லுங்கள். அலுவலக அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வேளையில் அவர் பின்புறம் சென்று பார்த்து வரட்டும். மாடிப்படி எத்தனை, வெளியேற வழி எத்தனை என்பதையும் அவரே பார்க்கட்டும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துத் தனியார் பள்ளிக் கட்டடத்தில், சமையற் கூரையிற் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை அடைத்து நடத்தியதும் அங்கேதான்.

காவல் என்னும் சொல்லுக்குள் மறைந்திருக்கும் வேறொரு பொருளையும் சொல்லிவிடுவோம். ‘நல்ல குடும்பத்துப் பெண்கள் படிக்கும் பள்ளி’ என்று நம் அன்பர்கள் கூறும்போது, எந்தச் சாதிப் பெண்களோடு நம் பெண் உட்காருவாள் என்பதைத்தான் கேட்கின்றனர். மேடையில் சமத்துவம் பேசும் வாயே இதைக் கேட்கிறது. நாம் மேலே போற்றிய சுப்பலட்சுமி அம்மையாரின் இல்லமும் தொடக்கத்திற் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடமளித்தது. பின்னர் வந்த சாரதா வித்தியாலயமே கதவை அகலத் திறந்தது. அந்த அம்மையார் பதினைந்து ஆண்டுகளிற் கடந்த தூரத்தை நாம் நூறாண்டிலும் கடக்கவில்லை என்றால் யாரை நோவது? கல்வியுரிமைச் சட்டம் சுயநிதிப் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை நலிந்தோர் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-ஆம் ஆண்டிற் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பொருந்தும் பள்ளியாயின், அக்குழந்தைகள் மற்றவரோடு ஒரே பெஞ்சில் அமர்கின்றனரா, தனி வகுப்பில் ஒதுக்கப்பட்டிருக்கின்றனரா என்று பாருங்கள். ஏழைப் பெண்ணை ஒதுக்கும் பள்ளி நாளைக்கு மார்க்கு குறைந்த நம் பெண்ணையும் ஒதுக்கும்.

பாஷை விஷயத்தில் நாம் அதிகம் எழுதப் போவதில்லை. எழுதி எழுதி அலுத்துவிட்டது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், ஒன்றாம் வகுப்பிற் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரையில் தமிழைக் கட்டாய பாடமாக்கியது. அதற்கு முன்னர், மார்க்கு அதிகம் கிடைக்கும் என்று பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுத்துத் தமிழ் எழுத்தறியாமலே பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுள் தமிழ்ப் பற்றுள்ள தலைவர்களின் புதல்விகளும் உண்டு. இன்று பாடம் இருக்கிறது; ஆனால் விளையாட்டு மைதானத்தில் தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பள்ளியிற் பெண்ணைச் சேர்த்துவிட்டு மாலையில் மொழியுரிமைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்க வருபவர் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

கடைசியாகப் பணம். பள்ளிச் சம்பளம் என்று நம் முன்னோர் சொல்லிவந்த கட்டணத்தை நிர்ணயிக்க, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதியின் தலைமையிற் கமிட்டி அமைக்கப்பட்டது. பள்ளிதோறும் வகுப்புவாரியாக அக்கமிட்டி வகுத்த தொகை இவ்வளவு என்று உண்டு. அதற்கு மேல் வாங்குதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நிர்ணயித்த தொகையைக் கேட்டறிந்த பின்னரே பணம் கட்ட வேண்டும். கட்டிய முழுத் தொகைக்கும் ரசீது வாங்க வேண்டும். ஒரு பகுதிக்கு ரசீதும் மறு பகுதிக்குப் புன்சிரிப்பும் கிடைக்குமானால், அந்த மறு பகுதி எதற்கென்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். அரசியல் அன்பர்கள் இதைச் செய்யாவிடில், கூலி வேலை செய்து பெண்ணைப் படிக்க வைப்பவன் செய்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

சேர்க்கும்போதே வெளியேறும் வழியையும் அறிந்து வைத்துக்கொள்ளுதல் நன்று. பள்ளி பிடிக்கவில்லை, அல்லது பணம் கட்ட முடியவில்லை என்றால், மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கியை வசூலிக்கும் வழக்கம் பல காலமாக இருந்து வந்தது. அச்சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியன்று என்றும், பாக்கி உண்டு என்று அதில் எழுதலாகாது என்றும் சென்னை ஹைகோர்ட்டு 2024-ஆம் ஆண்டு ஜூலையிற் கூறியிருக்கிறது. ஆகவே பாக்கியைக் காட்டிப் பெண்ணை ஓராண்டு வீட்டில் உட்கார வைக்க எந்த நிர்வாகிக்கும் அதிகாரமில்லை. பள்ளிக்கூடங்கள் ஜூனில் திறக்கின்றன; அருகிலுள்ள உதவி பெறும் பெண்பள்ளியின் ஆறாம் வகுப்பில், கீழ்ப்புறத்தில், இப்பொழுதும் இடம் இருக்கும்.